பொறிக் கையும் புற்றுநோயும்

மனித உடலிலே தொண்டையைப் போன்று தொழில் நெருக்கம் மிகுந்த இடங்கள் சிலவே உள. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அச்சிறு வாயிலினூடாகவே மூச்சு உட்சென்று மீளுகின்றது. உணவும் நீரும் இறங்குகின்றன. உள்ளத்தில் எழும் எண்ணம் ஒலி வடிவம் பெற்று வெளிப்படுகின்றது. ஆதலினாலேயே இவ்விடத்திற் புற்றுநோய் தோன்றும்போது மருத்துவரை எதிர்நோக்கும் வினா இரட்டை வினாவாகின்றது. நோயாளரின் உயிரைக் காப்பது எவ்வாறு என்பது ஒன்று. உயிரைக் காத்த பின்னர், அவர் முன்போல உண்ணவும் உரையாடவும் வல்லவராய் இருப்பாரா என்பது மற்றொன்று.

தலை, கழுத்துப் புற்றுநோய்கள் என மருத்துவர் தொகுத்துக் கூறுவன வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை, மூக்கின் உட்பகுதி முதலிய உறுப்புக்களில் தோன்றுவனவாகும். உலகெங்கும் ஆண்டொன்றுக்கு எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோரை இவை பீடிக்கின்றன. புகையிலை, மது, பாக்கு, ஒருவகை வைரசு ஆகியன இவற்றின் முதன்மையான காரணங்கள். இந்நோய்களுட் சிலவற்றைக் கண்டறிவதற்கும் அகற்றுவதற்கும் அண்மைக் காலத்தில் ரோபோ எனப்படும் பொறி துணைசெய்ய வந்துள்ளது. அப்பொறி யாது, அது எதனைச் செய்யவல்லது, எதனைச் செய்யமாட்டாது என்பவற்றை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

தொண்டையின் பின்புறத்தே மறைந்து வளரும் புற்றுநோய் எத்துணைக் கொடியது என்பதற்கு வரலாற்றிலே நன்கு அறியப்பட்ட சான்று ஒன்று உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வெற்றி கண்ட தளபதியும், பின்னர் 1869ஆம் ஆண்டு முதல் 1877ஆம் ஆண்டு வரை அந்நாட்டின் சனாதிபதியாக விளங்கியவருமான யுலிசீஸ் கிராண்ட், சுருட்டுப் புகைத்தலில் பெருவிருப்பம் உடையவர். 1884ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள் அவர் பீச் என்னும் பழத்தைக் கடித்து விழுங்கியபோது தொண்டையில் ஏதோ கொட்டியது போன்ற வேதனை உண்டாயிற்று. தொண்டை நோய் வல்லுநர் ஒருவரிடம் அவர் சென்றது அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலேதான். அதற்குள் நோய் வேரூன்றிவிட்டது. நாக்கின் அடிப்பகுதியையும் டொன்சில் எனப்படும் தொண்டைச் சதையின் அயலையும் அது பற்றியிருந்தது. அங்கிருந்து சிறு துண்டு இழையம் எடுக்கப்பட்டு நுணுக்குக்காட்டியின் கீழே சோதிக்கப்பட்டது. புற்றுநோய் என்பது உறுதியாயிற்று. சத்திர சிகிச்சை செய்வதா என மருத்துவர்கள் ஆராய்ந்து, அதனைக் கைவிட்டனர். அக்காலத்து முறைகளைக் கொண்டு அவ்விடத்தை அடைய முயலுவது நோயினும் கொடிய துன்பத்தையே தரும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

அதற்குச் சற்று முன்னரே பண மோசடி ஒன்றினால் தம் செல்வம் யாவற்றையும் இழந்திருந்த கிராண்ட், குடும்பத்தைக் காக்கும் பொருட்டுத் தம் நினைவுக் குறிப்புக்களை எழுதத் தொடங்கினார். குரல் குன்றியது, விழுங்குதல் வதையாயிற்று, பேச இயலாத நாட்களிற் காகிதத் துண்டுகளில் எழுதியே தம் கருத்தைத் தெரிவித்தார். நூலை முடித்த சில நாட்களில், 1885ஆம் ஆண்டு யூலை மாதம் 23ஆந் திகதி அவர் உயிர் நீத்தார். சிறந்த மருத்துவர்கள் அருகே இருந்தும், நோய் எங்கே உளது என்பது தெரிந்திருந்தும், அங்கே சென்று சேரும் வழி எவருக்கும் இல்லாதிருந்தது.

தொண்டை நோய் மருத்துவத்தின் வரலாறு முழுவதும் இந்த வழியைத் தேடிய வரலாறே என்று கூறுதல் மிகையன்று. முதலில் வேண்டியிருந்தது கண்ணுக்கு ஒரு வழி. அதனைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்லர், இசையாசிரியர். ஸ்பானிய இசைக் குடும்பத்திற் பிறந்த மனுவேல் கார்சியா என்பார், பாடும்போது குரல் எவ்வாறு எழுகின்றது என்பதைத் தம் கண்ணாற் காண விரும்பினார். 1854ஆம் ஆண்டிலே, பல் வைத்தியர் பயன்படுத்தும் நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியைத் தொண்டையுள் வைத்து, மற்றொரு கண்ணாடியாற் சூரிய ஒளியை அதன்மேற் செலுத்தித் தம் குரல்வளையைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டில் அக்கண்டுபிடிப்பு லண்டன் றோயல் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. பாட்டுக்காகச் செய்த முயற்சி நோயாளருக்கு வரமாயிற்று. அதுவரை பிணச் சோதனையிலே மாத்திரம் காணப்பட்ட குரல்வளை நோய்கள், உயிரோடிருப்பவரிடத்தே காணப்படலாயின.

கண் சென்ற இடத்துக்குக் கையும் செல்ல வேண்டுமன்றோ? 1873ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் திகதி, வியன்னா நகரிலே தியோடர் பில்றோத் என்னும் சத்திர வைத்தியர், புற்றுநோய் பற்றிய குரல்வளை முழுவதையும் அகற்றினார். நோயாளர் பிழைத்தெழுந்தார், செயற்கைக் குரற் கருவி ஒன்றும் அவருக்கு அமைத்துக் கொடுக்கப்பட்டது. எனினும் சில திங்களின் பின் நோய் மீண்டு அவரைக் கொண்டுபோயிற்று. 1906ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஜோர்ஜ் கிறைல், கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களை ஒழுங்கு முறையாக அகற்றும் சத்திர சிகிச்சையை விளக்கி எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மயக்க மருந்தும் இரத்தம் ஏற்றுதலும் நுண்ணுயிர் கொல்லி மருந்துகளும் கைகொடுக்க, சத்திர வைத்தியரின் துணிவும் வளர்ந்தது.

ஆயினும் நாக்கின் அடிப்பகுதிக்குச் செல்லும் வழி கொடூரமானதாகவே இருந்தது. கீழுதட்டை நடுவே பிளந்து, தாடையெலும்பை வாளால் அறுத்து, கதவைத் திறப்பது போல அதனை ஒருபுறமாக விலக்கினால் அன்றி, சத்திர வைத்தியரின் கை அவ்விடத்தை நன்கு அடைதல் அரிதாக இருந்தது. ஒரு கொட்டைப் பாக்களவான கட்டியை எடுப்பதற்கு முகத்தின் பாதியைத் திறக்கவேண்டியிருந்தது. மூச்சு விடுவதற்குக் கழுத்தில் ஒரு துளை. உணவுக்கு ஒரு குழாய். வைத்தியசாலையிற் பல வாரங்கள். வீடு திரும்பியவர் பலர், குடும்பத்தாரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணக் கூசினர். உயிர் தப்பியது, வாழ்வு சுருங்கியது.

இந்நிலையிற் கதிர்ச் சிகிச்சை ஒரு மாற்று வழியைக் காட்டியது. 1991ஆம் ஆண்டிலே, அமெரிக்கப் படையில் முன்னர் பணிபுரிந்தோருக்கான வைத்தியசாலைகளில் 332 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவு வெளியாயிற்று. குரல்வளைப் புற்றுநோயின் முற்றிய நிலையில் உள்ளோருக்கு, முதலில் மருந்தும் பின்னர் கதிரும் கொடுத்தால், அறுவைக்கு ஒப்பாக உயிர் காக்கப்படுவதோடு, மூவரில் ஏறத்தாழ இருவருக்குக் குரல்வளையும் காக்கப்படும் என்று அது காட்டியது. மருத்துவ உலகம் கத்தியை விட்டுக் கதிரின் பக்கம் திரும்பியது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லக் கதிரின் விலையும் தெரியவந்தது. உமிழ்நீர் வற்றி வாய் வறண்டது; பற்கள் சிதைந்தன; தொண்டைத் தசைகள் இறுகி விழுங்குதல் கடினமாயிற்று; சிலருக்குத் தாடையெலும்பே பட்டுப்போயிற்று. வெளித்தோற்றத்தில் உறுப்பு இருந்தது. அதன் தொழில் குன்றியது.

அறுவையோ முகத்தைப் பிளக்கின்றது; கதிரோ தொண்டையை உலர்த்துகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே, இயற்கை திறந்து வைத்திருக்கும் வாயின் வழியாகவே உட்சென்று, கட்டியை மாத்திரம் எடுத்துவர இயலாதா என்று சிலர் எண்ணினர். 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தைச் சேர்ந்த ஸ்ரோங், ஜாக்கோ என்னும் இருவர், லேசர் ஒளிக்கதிரை நுணுக்குக்காட்டியோடு இணைத்துக் குரல்வளையிற் பயன்படுத்திய முறையை வெளியிட்டனர். பின்னர் ஜேர்மனியில் அம்முறை பெரிதும் வளர்க்கப்பட்டது. ஆனால் லேசர் ஒளி நேர்கோட்டிலே செல்வது. மருத்துவரின் கண்ணும் நேர்கோட்டிலே பார்ப்பது. நாக்கோ வளைந்து இறங்குவது. வளைவுக்கு அப்பால் உள்ள அடிநாக்கு, மருத்துவரின் கண்ணுக்கும் லேசர்க் கதிருக்கும் எளிதில் அகப்படவில்லை. இந்த வளைவைக் கடப்பதற்கே பொறிக் கை வந்தது.

ரோபோ என்னும் சொல், செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடகம் ஒன்றிலிருந்து உலக மொழிகளுக்குப் பரவியது. கட்டாய ஊழியம் எனப் பொருள்படும் செக் சொல்லே அதன் வேர். நாடகத்திலும் திரைப்படத்திலும் வரும் ரோபோ தானாகச் சிந்தித்துத் தானாகச் செயலாற்றுவது. அதனால், ரோபோ சத்திர சிகிச்சை என்றதும், மருத்துவர் இல்லாத அறையிலே இரும்பு மனிதன் ஒருவன் கத்தியோடு நிற்பதாகப் பலர் கற்பனை செய்வர். உண்மை அதுவன்று. சத்திர சிகிச்சைக் கூடத்தில் உள்ள இப்பொறி தானாக ஒரு மயிரிழையும் அசைவதில்லை. மருத்துவரின் கை அசைந்தால் அது அசையும். அவர் கை நின்றால் அதுவும் நிற்கும். சொல்லின் பழம்பொருளுக்கு ஏற்ப அது முற்றிலும் ஊழியம் செய்வதே.

நோயாளர் மயக்க மருந்தினால் உறங்குகின்றார். அவர் வாய், அதற்கென அமைந்த சட்டம் ஒன்றினால் விரித்து வைக்கப்பட்டுள்ளது. பொறியின் கைகள் மூன்று வாயினுள்ளே செல்லுகின்றன. நடுவிலுள்ள கை ஒளிவிளக்கும் இரட்டைக் கண்ணும் உடையது. அதன் நுனியைச் சாய்வாகப் பார்க்கும்படி அமைத்துக்கொள்ளலாம் ஆதலின், நாக்கின் வளைவுக்கு அப்பாலும் அது நோக்கும். இருமருங்கும் உள்ள கைகள் 5 அல்லது 8 மில்லிமீற்றர் பருமனுள்ளவை. ஒன்று இழையத்தைப் பற்றுகின்றது, மற்றொன்று மின்சாரச் சூட்டினால் வெட்டுகின்றது. அவற்றின் நுனியில் மனித மணிக்கட்டைப் போன்ற மூட்டு உண்டு. மனிதக் கை நுழைய இயலாத குகையுள் மணிக்கட்டு ஒன்று நுழைந்து எத்திசையும் திரும்புகின்றது.

சத்திர வைத்தியர் சில அடி தூரத்தே, ஒரு மேடையின் முன் அமர்ந்திருக்கின்றார். இரு கண்களையும் பொருத்தி நோக்கும் கண்ணாடியில், தொண்டையின் உட்புறம் பன்மடங்கு பெருத்து, ஆழமும் உயரமும் தோன்ற முப்பரிமாணக் காட்சியாக அவருக்குத் தெரிகின்றது. விரல்களை அவர் அசைக்கும்போது, அவ்வசைவைப் பொறி சுருக்கி உள்ளே செய்கின்றது. கை பெரிதாக நகர்ந்தாற் கருவி சிறிதாக நகரும். எந்த மனிதக் கையிலும் இயல்பாக உள்ள மெல்லிய நடுக்கத்தையும் அது வடித்துவிடுகின்றது. நோயாளரின் தலைமாட்டில் மற்றொரு மருத்துவர் அமர்ந்து, இரத்தத்தையும் புகையையும் உறிஞ்சி எடுத்து, எதிர்பாராத இரத்தப் பெருக்கு நேர்ந்தால் உடனே தடுக்க ஆயத்தமாக இருக்கின்றார்.

இவ்வகைப் பொறிகளுள் முதன்முதற் பரவலாகப் பயன்பட்டது டாவின்சி என்னும் பெயருடையது. 2000ஆம் ஆண்டில், வயிற்றறைச் சத்திர சிகிச்சைக்காக, அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகம் அதற்கு அனுமதி வழங்கியது. அதனை வாயின் வழியே செலுத்தலாம் எனக் கண்டு முறைப்படுத்தியவர்களுள் முதன்மையானோர், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக் கிறெகரி வைன்ஸ்ரீன், பேர்ட் ஓமாலி ஆகியோர். முதலில் இறந்தோர் உடல்களிலும் நாய்களிலும் சோதனை செய்து, பின்னரே அவர்கள் நோயாளரை அணுகினர். அடிநாக்குக் கட்டியுடைய மூவருக்கு இவ்வாறு செய்த சத்திர சிகிச்சையைப் பற்றி 2006ஆம் ஆண்டில் அவர்கள் எழுதினர். 2009ஆம் ஆண்டு டிசம்பரில், தொண்டையிலுள்ள சிறு கட்டிகளுக்கு இம்முறையைப் பயன்படுத்த அந்நிருவாகம் இசைவு அளித்தது. கிராண்ட் உயிர் நீத்து ஒரு நூற்றாண்டும் கால் நூற்றாண்டுமாகிய காலத்தில், அவரை வருத்திய அவ்விடத்துக்கு முகத்தைப் பிளவாத வழி ஒன்று திறந்தது.

இப்பொறியின் பணி அறுத்தல் மாத்திரமன்று. நோயைக் கண்டறிவதில் அது ஆற்றும் தொண்டு, பலர் அறியாதது. ஒருவகையில் அறுவையினும் வியப்புக்குரியது.

திருவள்ளுவர், நோய் இன்னதென்றும் அதன் தோற்றம் இன்னதென்றும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் தொடங்குதல் வேண்டும் என வற்புறுத்தினார். தலை, கழுத்துப் புற்றுநோயிலே அத்தோற்றம் சில வேளை தன்னை ஒளித்துக்கொள்ளும். ஒருவர் கழுத்தின் ஒருபுறத்தில் நோவில்லாத கட்டி ஒன்று தோன்றுகின்றது. ஊசியினாற் சிறிது எடுத்துச் சோதித்தால் நிணநீர்க் கணுவிலே புற்றுநோய்க் கலங்கள் காணப்படுகின்றன. ஆனால் அக்கலங்கள் அங்கே பிறந்தவை அல்ல; வேறோர் இடத்திலிருந்து வந்து குடியேறியவை. அந்த இடம் எது? வாயைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. குழாய்க் கண்ணாடியைச் செலுத்திப் பார்த்தாலும் ஒன்றும் இல்லை. உடல் முழுவதையும் படம்பிடிக்கும் கருவிகளும், சில மில்லிமீற்றரே உள்ள கட்டியைத் தவறவிடுவதுண்டு. குழந்தையைப் பெற்ற தாயைக் காணாது குழந்தையை மாத்திரம் கண்டெடுத்த நிலை அது.

தோற்றுவாய் தெரியாத இடத்து மருத்துவர் என்செய்வார்? அது இருக்கக்கூடிய இடங்கள் அனைத்தின்மீதும், தொண்டையின் இருபுறமும், கதிரைச் செலுத்துவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. கள்வன் எந்த வீட்டில் ஒளிந்துள்ளான் என அறியாமல் ஊர் முழுவதையும் கொளுத்துவது போன்றது அச்செயல். கள்வன் மாண்டிருப்பான், ஆனால் உமிழ்நீர் சுரக்கும் சுரப்பிகளும், விழுங்கும் தசைகளும், குற்றமற்ற இழையங்களும் உடன் வெந்தன.

அடிநாக்கின் மேற்பரப்பிலும் டொன்சிலின் மடிப்புக்களிலுமே இத்தகைய கட்டிகள் பெரும்பாலும் ஒளிந்திருப்பன என்பது பின்னர் தெளிவாயிற்று. டொன்சிலை அகற்றிச் சோதித்தல் பழைய முறை. அடிநாக்கிலோ இங்கொரு துண்டு அங்கொரு துண்டு எனக் கிள்ளி எடுப்பதன்றி வேறொன்றும் செய்தல் இயலாதிருந்தது. பொறிக் கை வந்த பின், அடிநாக்கின் மேற்படைச் சதையை மெல்லிய தகடாக முழுதும் எடுத்து, நோயியல் வல்லுநரிடம் கொடுத்தல் கைகூடியது. அவர் அதனை நுண்ணிய சீவல்களாக்கி நுணுக்குக்காட்டியிற் பார்க்கின்றார். 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பல நிலையங்கள் கூடி வெளியிட்ட ஆராய்ச்சியில், இவ்வாறு சோதிக்கப்பட்ட 47 நோயாளருள் 34 பேரிடத்தே தோற்றுவாய் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது அடிநாக்கிலே இருந்தது. கண்டுபிடிக்கப்பட்ட கட்டி பல வேளைகளில் அச்சோதனையிலேயே அகன்றும் விடுகின்றது. கதிர் வேண்டியிருப்பினும் அதன் பரப்பைக் குறுக்கலாம். தோற்றுவாயைத் தேடி அறிதலே இங்கே மருந்தின் பாதியாகின்றது.

இத்தேடுதல் இன்று முன்னிலும் அவசியமாயிற்று. அதற்குக் காரணம் நோயின் இயல்பே மாறியமை. ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன், மனித பப்பிலோமா வைரசின் 16ஆம் வகை கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிற் காணப்படுவதை 1983ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். அதற்காக 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அதே வைரசு டொன்சிலிலும் அடிநாக்கிலும் புற்றுநோயை விளைப்பது பின்னர் உறுதியாயிற்று. அமெரிக்காவிலே இவ்விடங்களில் தோன்றும் புற்றுநோய்களிற் பத்தில் ஏழு இவ்வைரசினால் வருவன. சுருட்டும் மதுவும் அறியாதவர், நடுத்தர வயதினர், இந்நோய்க்கு ஆளாகின்றனர். கழுத்துக் கட்டியே பலருக்கு முதல் அறிகுறி.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. 2010ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியின்படி, வைரசினால் வந்த தொண்டைப் புற்றுநோயுடையோருள் மூன்றாண்டின் பின் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 82 பேர்; வைரசு காணப்படாதோருள் 57 பேர் மாத்திரமே. ஐம்பது வயதிற் குணமடைந்த ஒருவர் இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் வாழக்கூடும். அத்தனை ஆண்டும் அவர் உலர்ந்த வாயோடும் இறுகிய தொண்டையோடும் வாழவேண்டுமா என்ற கேள்வி இங்கே வலுப்பெறுகின்றது.

அப்படியாயின் பொறிக் கை கதிரினும் சிறந்ததா? இக்கேள்விக்கு விளம்பரத் தாள்கள் விடை கூறத் தகுதியற்றவை. ஒழுங்கான ஆராய்ச்சியே விடை கூறவேண்டும். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 68 நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்குக் கதிர்ச் சிகிச்சையும் மற்றப் பகுதியினருக்கு வாய்வழிப் பொறிச் சத்திர சிகிச்சையும் அளித்து ஒப்பிட்டனர். 2019ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் பின் விழுங்கும் திறனை நூறு புள்ளிக்கு அளந்தபோது, கதிர் பெற்றோர் ஏறத்தாழ 87 புள்ளியும், சத்திர சிகிச்சை பெற்றோர் 80 புள்ளியும் பெற்றனர். எதிர்பார்த்ததற்கு மாறாகக் கதிரே சற்று முன்னே நின்றது. எனினும் அவ்வேறுபாடு நோயாளரின் அன்றாட வாழ்விற் பெரிதாக உணரப்படக்கூடியது அன்று என்பது ஆராய்ச்சியாளரின் கருத்து. அறுவை பெற்ற பெரும்பாலோருக்குப் பின்னர் கதிரும் கொடுக்கவேண்டியிருந்தது என்பதும் கருதத்தக்கது. அவர்களில் ஒருவர் இரத்தப் பெருக்கினால் இறந்தார்.

அதனைத் தொடர்ந்து, வைரசினால் வந்த நோயுடைய 61 பேரைக் கொண்டு நிகழ்ந்த இரண்டாம் ஆராய்ச்சியில், சத்திர சிகிச்சைப் பகுதியில் இருவர் சிகிச்சையின் விளைவாக இறந்தமையால், ஆட்சேர்ப்பு இடையிலே நிறுத்தப்பட்டது. மற்றொருபுறம், 2022ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று நம்பிக்கை தந்தது. வாய்வழியாகக் கட்டியை அகற்றிய பின், நடுத்தர அபாயமுடைய நோயாளருக்குக் கதிரின் அளவை வழக்கத்தினும் குறைத்துக் கொடுத்தபோது, இரண்டாண்டின் பின் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் நோய் மீளாது வாழ்ந்திருந்தனர். கதிரின் கொடுமையைக் குறைப்பதற்கு அறுவை துணைசெய்யலாம் என்பதற்கு இது சான்று.

இவ்வாராய்ச்சிகளைச் சேர்த்து நோக்கும் நடுநிலையாளர் காணும் முடிவு யாதெனில், பொறிக் கை எல்லார்க்கும் உரிய மருந்தன்று. தக்கவரைத் தெரிந்து, தக்க கைகள் பயன்படுத்தும்போதே அது வரமாகும் என்பதே. கட்டி சிறிதாக இருத்தல் வேண்டும். பெரிய இரத்தக் குழாய்களை அது அணுகியிருத்தல் ஆகாது. வாய் நன்கு திறக்கவேண்டும். பின்னர் கதிரும் மருந்தும் ஆகிய இரண்டும் தேவைப்படுவது முன்னரே தெரிந்தால், மூன்று துன்பங்களையும் ஒருவர்மேற் சுமத்துவதிற் பொருளில்லை. தொண்டை வழியே இரத்தம் பெருகுதல் சத்திர சிகிச்சையின் பின் சில நாட்கள் கழித்தும் நேரலாம்; அதனைத் தடுக்க வல்லோர் இரவும் பகலும் அருகிருத்தல் வேண்டும். பொறியின் விலையோ பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. அதனைப் பயன்படுத்தப் பழகிய மருத்துவர், கதிர்ச் சிகிச்சை வல்லுநர், நோயியலாளர், விழுங்கப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சையாளர், தாதியர் ஆகியோர் கூடியிராத இடத்திற் பொறி மாத்திரம் வந்திறங்கினால் அது காட்சிப் பொருளே.

மற்றொரு குறையும் கூறற்பாலது. மருத்துவரின் விரல், கட்டி எங்கே முடிகின்றது என்பதைத் தொட்டே அறியும். நெடுங்காலம் இப்பொறிகளில் அத்தொடுவுணர்வு இல்லை. கண் கண்டதைக் கொண்டே கை முடிவுசெய்தது. 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய பொறி ஒன்று, கருவி நுனியில் உண்டாகும் அழுத்தத்தை மருத்துவரின் விரலுக்கு உணர்த்தும் ஆற்றலுடன் வந்துள்ளது. அதற்கு முன்னரே, 2018ஆம் ஆண்டில் அனுமதி பெற்ற ஒரு பொறி, இரண்டரைச் சென்ரிமீற்றர் குழாய் ஒன்றினுள்ளே கண்ணையும் மூன்று கருவிகளையும் அடக்கியது. அடுத்த ஆண்டில் வாய்வழிச் சத்திர சிகிச்சைக்கும் அது அனுமதிக்கப்பட்டது. பொறி வளர்கின்றது. எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது, யாருக்கு வெட்டாமலே விடுவது என்னும் தீர்ப்பு மாத்திரம் மருத்துவரின் அறிவிடமே உள்ளது.

இலங்கை நேயர்கள் இவ்விடத்து ஒன்றைச் சிந்தித்தல் நன்று. இந்நாட்டு ஆண்களை மிகுதியாகப் பீடிக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. அதன் காரணம் பெரும்பாலும் வெற்றிலைத் தட்டிலே உள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்குத் தானும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதியில் உறுதிசெய்தது. புகையிலை சேர்ந்தாற் கேடு பின்னும் மிகும். இந்நோய் தோன்றும் இடமோ அடிநாக்கின் இருளன்று. கன்னத்தின் உட்புறமும் நாக்கின் விளிம்புமாகும். அதனைக் காண்பதற்குப் பொறிக் கை வேண்டியதில்லை. ஒரு மின்விளக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியும் போதும். இலங்கையிலே, ஊர்களிற் பணிபுரியும் ஆரம்பச் சுகாதார ஊழியர்களுக்குச் சிறிது பயிற்சி அளித்தால், வாய்ப் புற்றுநோயையும் அதற்கு முற்பட்ட வெண்படை, செம்படைகளையும் அவர்களே இனங்காண்பர் என்பதை மெய்ப்பித்த ஆராய்ச்சி 1984ஆம் ஆண்டிலேயே வெளியாகி, உலகின் கவனத்தை ஈர்த்தது.

ஆகவே அறிகுறிகளை அறிந்துவைத்தல் ஒவ்வொருவர்க்கும் கடன். வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண். வெள்ளையாகவோ சிவப்பாகவோ தோன்றும் படை. வாய் திறத்தல் நாளுக்கு நாள் குறைதல். மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரற் கம்மல். விழுங்கும்போது ஒருபுறமாக வலித்தல். காதில் நோயில்லாதிருந்தும் ஒரு காதில் மாத்திரம் குத்தல். கழுத்திலே நோவின்றி வளரும் கட்டி. இவற்றுள் ஒன்று காணப்படினும், கைவைத்தியத்திற் காலம் போக்காது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். நோவில்லை என்பதனால் நோயில்லை என்று எண்ணுதல் தவறு. வைரசினால் வரும் நோயைத் தடுப்பதற்கு ஊசி மருந்தும் உண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் பொருட்டு, ஆறாம் வகுப்பு மாணவியருக்கு அதனை வழங்கும் திட்டம் இலங்கையில் 2017ஆம் ஆண்டிலே தொடங்கியது.

தொண்டையின் வளைவைக் கடப்பதற்கு அறிவியல் நூற்றைம்பது ஆண்டுகள் உழைத்துப் பொறிக் கை ஒன்றை ஆக்கித் தந்துள்ளது. நோய் சிறிதாயிருக்கும்போது வருபவருக்கே அக்கை முழுப்பயனும் அளிக்கும். கட்டி முற்றிய பின் வருபவருக்கு அதனாற் செய்யக்கூடியது மிகச் சிறிதே. பொறியை ஆக்குவோர் தம் பணியைச் செய்கின்றனர். காலம் தாழ்த்தாது வைத்தியசாலையின் படியேறுவது, குரலும் உணவும் தமக்கு இனியன என எண்ணும் ஒவ்வொருவரும் தாமே செய்யவேண்டிய பணி.